மழை வந்தா காரை மேம்பாலத்துல ஏத்திடலாம்... வீட்டை? - கீழ்க்கட்டளை டு பள்ளிக்கரணை, ஒரு க்ளைமேட் கணக்கு!

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தது ஞாபகம் இருக்கா? மழை வர்றதுக்கு முன்னாடியே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் ஏறி வரிசையாக நின்றுவிட்டன. அபராதம் போடுறாங்கன்னு ஒரு செய்தி, அப்படியெல்லாம் இல்லைன்னு ஒரு மறுப்பு, நடுவுல ஆயிரம் மீம்ஸ். நாடே பார்த்துச் சிரிச்சது. ஆனா தாம்பரம், பல்லாவரம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கம் இருக்கிறவங்க யாரும் பெருசா சிரிக்கல. 2015-ல் இன்ஜினுக்குள் தண்ணி போன வண்டியை, 2023-ல் மிக்ஜாம் அடிச்சிட்டுப் போன வண்டியைத் தள்ளிக்கிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனவங்களுக்குத் தெரியும், மேம்பாலம்தான் அன்னைக்கு இருந்ததிலேயே புத்திசாலித்தனமான பார்க்கிங்.

அந்த மேம்பாலத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கு. ஏன்னா, `க்ளைமேட் சேஞ்ச்'னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது உருகுற பனிப்பாறையும் ஒல்லியான பனிக்கரடியும்தான். பனிக்கரடி பாவம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா நம்ம ஏரியாவில் அந்தக் கதை வேற ரூபத்தில், முட்டி அளவுத் தண்ணியா, ராத்திரி 11 மணிக்கும் குறையாத புழுக்கமா, கரன்ட் பில்லா வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கு.

தண்ணி போற வழி

முதலில் நம்ம ஏரியாவின் மேப்பை மனசில் விரிச்சுக்கோங்க. கூகுள் மேப் இல்ல, தண்ணியோட மேப். சிட்லப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் பெய்யுற மழை ஏரியில் சேரும். நிரம்பினால் நன்மங்கலம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளை ஏரி. அது நிரம்பினால் நாராயணபுரம் ஏரி. கடைசியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். இப்படி 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் வந்து சேருற பெரிய தொட்டி அது. அங்கே தங்கி, ஊறி, மெதுவாக ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், பிறகு முட்டுக்காடு, கோவளம் பக்கமாகக் கடலுக்கும் போக வேண்டும்.

இந்தச் சங்கிலியை யாரும் சும்மா வெட்டி வைக்கலை. மேட்டில் இருக்கிற ஏரி, அடுத்த ஏரிக்குத் தண்ணி கொடுக்கும். வெள்ளத்தோட வேகமும் குறையும், நிலத்தடி நீரும் ஏறும். தாங்கல், மடுவு, கரணைன்னு ஊர்ப் பேரைப் பார்த்தாலே போதும். (இப்போ அந்தப் பேரெல்லாம் `லேக் வியூ அவென்யூ' ஆகிடுச்சு. லேக்கைத்தான் காணோம், வியூ மட்டும் இருக்கு.)

1960-களில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 5,000 ஹெக்டேருக்கும் மேல் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. 2022-ல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டபோது கணக்கில் வந்தது சுமார் 1,247 ஹெக்டேர். மீதி எங்கே? பெருங்குடி குப்பைக் கிடங்கு, பறக்கும் ரயில் பாதை, ஐ.டி கட்டடங்கள், அடுக்குமாடிகள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்னு ஆளாளுக்கு ஒரு துண்டு. பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் ரோடு, பல்லாவரம் பெரிய ஏரியையும் சதுப்பு நிலத்தையும் குறுக்கே வெட்டிக்கிட்டுத்தான் போகுது. இதில் ஒரு வேடிக்கை, காற்றாலை ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமும், கடல் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமும் இதே பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் எழுந்தன. கடலையும் காற்றையும் படிக்க வந்தவங்களுக்கும் அந்த நிலம் காலி மனையாகத்தான் தெரிஞ்சிருக்கு.

`எல்லாம் க்ளைமேட் சேஞ்ச்'... அப்படியா?

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகப் பேசிடணும். 2015 டிசம்பர் 1-ம் தேதி காலையில் இருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. மழை. அதுக்கப்புறம் மேடை, டிவி விவாதம், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் ஒரே வார்த்தை, க்ளைமேட் சேஞ்ச். ஆனா உலக அளவில் காலநிலை விஞ்ஞானிகள் சிலர் அந்த மழையைத் தனியாக எடுத்து ஆராய்ந்தபோது, புவி வெப்பமாதலின் தெளிவான தடயம் அந்த ஒரு நிகழ்வில் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் எழுதினார்கள். வங்கக் கடலின் மேற்குப் பகுதி அதுக்கு முந்தைய சில பத்தாண்டுகளில் எதிர்பார்த்த அளவு சூடாகவில்லை. காற்றில் மிதக்கிற புகையும் தூசும் வெயிலை மறைத்து, சூட்டை மூடி வைத்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன ஒரு காரணம்.

இதைக் கேட்டதும், `பார்த்தியா, க்ளைமேட் சேஞ்சே பொய்'னு ஒரு குரூப் கிளம்பும். அவசரப்படாதீங்க. ஒரு மழைக்கு நேரடி ஆதாரம் கிடைக்கலைங்கிறது வேற, பூமி சூடாகலைங்கிறது வேற. ஆனா எதிர்ப்பக்கமும் ஒரு வசதியான சோம்பேறித்தனம் இருக்கு. எது நடந்தாலும் `க்ளைமேட் சேஞ்ச்'னு சொல்லிட்டா யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கால்வாய் 60 அடியில் இருந்து 15 அடி ஆனா, அதுக்கு அண்டார்டிகா காரணம் இல்லை. அதுல யாரோ பட்டா வாங்கியிருக்காங்க, யாரோ அப்ரூவல் கொடுத்திருக்காங்க, யாரோ வீடு வாங்கியிருக்காங்க.

ஆக, மனுஷன் செஞ்சது ரெண்டு வேலை. ஒண்ணு, வானத்தில் கார்பனை ஏத்தினது. இன்னொண்ணு, தரையில் தண்ணியோட இடத்தை எடுத்தது. முதல் வேலையில் அமெரிக்காவில் இருந்து ஆம்பூர் வரைக்கும் எல்லாருக்கும் பங்கு உண்டு. ரெண்டாவது முழுக்க முழுக்க லோக்கல். கீழ்க்கட்டளையில் இருக்கிற நமக்குச் சிக்கல் என்னன்னா, ரெண்டும் ஒரே தெருவில் வந்து முட்டுது.

சரி, மேலே என்ன நடக்குது?

இதை வேகமாகப் பார்த்துடலாம், ஸ்கூல்ல படிச்சதுதான். தொழிற்புரட்சிக்கு முன்னாடி காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு. இப்போ 420-ஐத் தாண்டியாச்சு. நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு, காடழிப்பு, சிமென்ட், இதெல்லாம்தான் காரணம். `மனிதச் செயல்பாடுகளே பூமியைச் சூடாக்கின, இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை' என்பதுதான் 2021-ல் ஐ.நா-வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி சொன்னதன் சாரம். 2024-ம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் முழு ஆண்டாகப் பதிவானது.

நமக்கு இதில் முக்கியமான ஒரே ஒரு இயற்பியல் இருக்கு. காற்று 1 டிகிரி சூடானால், சுமார் 7 சதவிகிதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியும். பெரிய டம்ளர் மாதிரி. நிரம்பக் கூடுதல் நேரம் ஆகும், கவிழ்ந்தால் கூடுதலாகக் கொட்டும். அதனால்தான் `மழையே இல்லை'யும் `ஒரே நாள்ல கொட்டித் தீர்த்துடுச்சு'ம் ஒரே ஊரில் நடக்குது. இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-ல் இருந்து 2015 வரைக்கும் சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கு. புயலுக்குச் சாப்பாடே கடலோட சூடுதான்.

2023 டிசம்பர் மிக்ஜாமை நினைச்சுப் பாருங்க. அது சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கடந்தது. நம்ம கடற்கரையை ஒட்டி மெதுவா நகர்ந்து போனதுக்கே பள்ளிக்கரணையில் கார்கள் பேப்பர் கப்பல் மாதிரி மிதந்துபோன வீடியோவை நாடே பார்த்தது. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 2019 ஜூனில், இதே ஊரில் குடிக்கத் தண்ணி இல்லை. நகரத்துக்குத் தண்ணி தர்ற ஏரிகள் காய்ஞ்சு, ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன் ரயிலில் தண்ணி வந்தது. ஓ.எம்.ஆர் கம்பெனிகள் சிலது `வீட்டிலேயே இருந்து வேலை பாருங்க'ன்னு சொன்னது கொரோனாவுக்கு முன்னாடியே, தண்ணி இல்லாமதான்.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுறதில்லை. கடல் மட்டம் உலக அளவில் வருஷத்துக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் உயருது. `ப்பூ, இவ்வளவுதானா'ன்னு தோணும். ஆனா நம்ம தண்ணி எங்கே போய்ச் சேரணும்? கடலுக்கு. பள்ளிக்கரணை கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கே இருக்கிற தாழ்வான நிலம். முகத்துவாரத்தில் அலை ஏறி நிற்கிற நேரத்தில் மழையும் கொட்டினால், தண்ணி வடியாது. கீழ் முனையில் கடல் ஏற ஏற, மேல் முனையில் இருக்கிற தெருக்களில் தண்ணி நிற்கிற நேரம் கூடும்.

உங்க ஏசி என்ன பண்ணுது?

இப்போ நம்ம பக்கக் கணக்குக்கு வருவோம். `ஒரு இந்தியன் சராசரியா வருஷத்துக்கு ரெண்டு டன் கார்பன் டை ஆக்ஸைடுதான் விடுறான், ஒரு அமெரிக்கன் 14 டன் விடுறான். முதல்ல அவனைக் கேளு'ன்னு யாராவது சொன்னா, அது நூற்றுக்கு நூறு நியாயம். இதுவரைக்கும் வானத்தில் சேர்ந்த கார்பனில் கால்வாசி அமெரிக்காவோடது. நம்ம நாட்டோடது 4 சதவிகிதம்கூட வராது. ஆனா அந்த `சராசரி இந்தியன்' யார்? 49 செ.மீ. மழையில் குடிசைக்குள் தண்ணி வந்தவரும், மூணு ஏசி ஓடுற ஃப்ளாட்டில் இருக்கிறவரும் சேர்ந்ததுதான் அந்தச் சராசரி. ஸ்மார்ட்போனில் இதைப் படிக்கிற நாம பெரும்பாலும் சராசரிக்கு மேலேதான் இருப்போம்.

இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் சுமார் முக்கால்வாசி நிலக்கரியில் இருந்து வருது. ஒரு யூனிட் கரன்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. கொஞ்சம் பழைய ஒன்றரை டன் ஏசி ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் சுமார் 7 யூனிட்னு வெச்சுக்கலாம். இரண்டு மாச ரீடிங்குக்கு 420 யூனிட். கிட்டத்தட்ட 300 கிலோ கார்பன்.

இப்போ பைக். கீழ்க்கட்டளையில் இருந்து கிண்டிப் பக்கம் போய்வர, தோராயமா 20 கி.மீ. லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டி, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கார்பன். வருஷம் 300 நாள் போனாலும் சுமார் 300 கிலோதான். அதாவது, உங்க பைக் ஒரு வருஷம் ஆபீஸ் போய்வர்ற கார்பனை, உங்க பெட்ரூம் ஏசி ரெண்டே மாசத்தில் விட்டுடுது! இதே தூரத்தை ஒரே ஆள் காரில் போனா, இந்த டிராஃபிக்கில் வருஷத்துக்கு ஒரு டன்னுக்கு மேல.

`அப்போ ஏசியே போடக் கூடாதா?' அப்படிச் சொல்றவங்க மே மாசம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீட்டில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும். வெப்ப அலையைத் தமிழக அரசே 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவிச்சிருக்கு. வயசானவங்க, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஏசி ஆடம்பரம் இல்லை. பிரச்னை, எப்படிப் போடுறோம்கிறதுல இருக்கு. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் சுமார் 6 சதவிகிதம் கரன்ட் மிச்சமாகும்னு மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லுது. 18-ல் வெச்சுட்டுப் போர்வை போர்த்திக்கிறதுக்குப் பதில் 25-ல் வெச்சு ஃபேனைச் சுத்தவிட்டா, பில்லிலேயே தெரியும். நம்ம ஊர்ல 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி பில் எகிறுதே, அந்த ஒரு பயமே பல வீட்டில் பெரிய க்ளைமேட் பாலிசி. புதுசா வாங்குறவங்களுக்கு 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி, மேலே சொன்ன 7 யூனிட்டை நாலு, அஞ்சாகக் குறைக்கும்.

யாரும் சொல்லாத இன்னொரு கணக்கு, ஏசி கேஸ். இப்போ வர்ற பல ஏசிகளில் ஆர்-32 என்கிற வாயு இருக்கு. இது கார்பன் டை ஆக்ஸைடைவிட 675 மடங்கு சூடாக்கும். முந்தைய தலைமுறை ஆர்-410ஏ சுமார் 2,000 மடங்கு. ஒரு ஏசியில் 800 கிராம் ஆர்-32 இருந்து, அது மொத்தமும் லீக் ஆனால் 540 கிலோ கார்பனுக்குச் சமம். `கூலிங் இல்லைன்னா, கேஸ் ஃபில் பண்ணிடுங்க அண்ணா'ன்னு வருஷா வருஷம் சொல்றோம். கேஸ் தானா தீராது. எங்கேயோ ஓட்டை இருக்கு. ஓட்டையை அடைக்காம கேஸ் மட்டும் ரொப்பினா, அதுவும் வானத்துக்குத்தான் போகும். அடுத்த முறை மெக்கானிக் அண்ணாகிட்ட முதல்ல லீக் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. இந்தக் கட்டுரையில் இருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிறதா இருந்தா, என் சிபாரிசு இதுதான். காசும் மிச்சம்.

குப்பைக்குள் ஒரு அடுப்பு

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கில் பிடிச்ச தீ நாள்கணக்கில் புகைஞ்சது. கோடை வெயிலில் குப்பை ஏன் தானா எரியுது? ஈரமான சாப்பாட்டுக் கழிவு, காற்றுப் புகாம அடியில் அழுகும்போது மீத்தேன் வரும். அது எரிவாயு. 20 வருஷக் கணக்கில் பார்த்தா கார்பன் டை ஆக்ஸைடைவிட சுமார் 80 மடங்கு சூடாக்கும். ஆனா அதோட ஆயுசு கொஞ்சம், பத்துப் பன்னிரண்டு வருஷம். அதனால் மீத்தேனைக் குறைச்சா பலன் நம்ம காலத்திலேயே தெரியும்.

ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. தண்ணியைத் தாங்க வேண்டிய சதுப்பு நிலத்தில், மீத்தேன் விடுற குப்பையைக் கொட்டியிருக்கோம். வானத்தைக் கெடுத்த வேலையும் தரையைக் கெடுத்த வேலையும் ஒரே இடத்தில் ஒண்ணா நடந்திருக்கு. பயோமைனிங்னு பழைய குப்பையைத் தோண்டிப் பிரிச்செடுத்து, நிலத்தை மீட்கிற வேலை அங்கே நடக்குது. நல்ல விஷயம். ஆனா நாம தினமும் மீதிச் சாம்பாரையும் ஷாம்பூ பாக்கெட்டையும் ஒரே கவரில் கட்டிக் கொடுத்தா, இன்னொரு ஊரில் இன்னொரு பெருங்குடி உருவாகும், அவ்வளவுதான். மக்கும் குப்பை தனியா, மக்காத குப்பை தனியா. போரடிக்கிற அறிவுரைதான். ஆனா பேப்பர் ஸ்ட்ராவில் ஜூஸ் குடிச்சுட்டு உலகத்தைக் காப்பாத்திட்டதா ஸ்டேட்டஸ் போடுறதைவிட இது பல மடங்கு பெரிய வேலை.

பஸ்ஸு வருமா?

மேடவாக்கம் மெயின் ரோட்டில் கொஞ்ச வருஷமா மெட்ரோ தூண்களுக்கு நடுவில் வண்டி ஓட்டிப் பழகிட்டோம். மாதவரம் - சோழிங்கநல்லூர் வழித்தடம் கீழ்க்கட்டளை வழியாகத்தான் போகுது. வேலை முடிஞ்சு ரயில் ஓடினா, இந்தப் பக்கத்தோட வாழ்க்கையே மாறும். (சிமென்டே உலகக் கார்பனில் 7, 8 சதவிகிதம். அதனால் மெட்ரோ கட்டுறதுக்கும் ஒரு கார்பன் கடன் உண்டு. ரயில் நிறைஞ்சு ஓடினால்தான் அந்தக் கடன் அடையும்.)

அதுவரைக்கும் பஸ்தான். 60 பேர் ஏறின டீசல் பஸ்ஸில் 10 கி.மீ. போனால் ஒரு ஆளுக்கு வர்ற கார்பன் 100 கிராம் சொச்சம். பைக்கில் அரை கிலோ. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையில் இருந்தும், பிறகு நம்ம பக்கத்துப் பெரும்பாக்கம் பணிமனையில் இருந்தும் மின்சார பஸ்கள் ஓட ஆரம்பிச்சிருக்கு. 2021-ல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தையும் யாரும் க்ளைமேட் திட்டம்னு சொல்றதில்லை. எத்தனை பேர் ஸ்கூட்டி வாங்குறதைத் தள்ளிப்போட்டிருப்பாங்கன்னு யோசிச்சா, அதுவும் ஒரு க்ளைமேட் திட்டம்தான்.

ஆனா இங்கே தனிமனுஷனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. 40 நிமிஷம் பஸ்ஸுக்கு நின்னு, ஏறுறதுக்கே சண்டை போடணும்னா, இ.எம்.ஐ-யில் பைக் வாங்குறவரை எப்படித் தப்பு சொல்றது? பிளாட்ஃபார்மே இல்லாத ரோட்டில், அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கடைக்கு நடந்து போகச் சொன்னா யார் போவாங்க? நடக்க இடம், நிழல், பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். இந்த மூணும் இருந்தா மக்கள் தானா மாறுவாங்க. பெருநகரச் சென்னை மாநகராட்சி 2023-ல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம், 2050-க்குள் நிகரக் கார்பனைப் பூஜ்யமாக்கும் இலக்கு வெச்சிருக்கு. கீழ்க்கட்டளை இருக்கிறது தாம்பரம் மாநகராட்சியில். மழைத்தண்ணிக்கு மாநகராட்சி எல்லை தெரியாது, கார்பனுக்கும் தெரியாது. இந்தப் பக்கத்துக்கும் அதே அளவுக்குத் தெளிவான, தேதி போட்ட திட்டம் வேணும்.

மாடியில் இருக்கிற வெயிலையும் மறந்துடக் கூடாது. 2024-ல் தொடங்கின பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம். நம்ம வெயிலுக்கு 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட்னா ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட் வரை. தனி வீடுகளுக்கு இது நல்ல கணக்கு. அடுக்குமாடியில் சிக்கல், மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்கிற அசோசியேஷன் சண்டைதான். குறைஞ்சபட்சம் லிஃப்ட், மோட்டார், காமன் லைட்டுக்காவது சோலார் போடலாம்னு அடுத்த மீட்டிங்கில் பேச்சை எடுங்க. வாடகைக்கு இருக்கிறவங்க, ஓனர்கிட்ட மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிச்சுத் தரச் சொல்லுங்க. டாப் ஃப்ளோரில் சூடு குறையுறது உடம்புக்கே தெரியும்.

ஏரியை மீட்டவங்க இருக்காங்க

சோகமாகவே முடிக்க வேண்டியதில்லை. இதே ஏரிச் சங்கிலியின் மேல் முனையில், சிட்லப்பாக்கம் ஏரிக்காக மக்கள் வருஷக்கணக்கில் போராடினாங்க. வார இறுதியில் குப்பை அள்ளி, மனு கொடுத்து, கேஸ் நடத்தி, விடாம துரத்தின பிறகு, அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கி ஏரியைச் சீரமைச்சது. செம்பாக்கம் ஏரியைத் தன்னார்வ அமைப்புகளும் ஐ.ஐ.டி மெட்ராஸும் சேர்ந்து மீட்டெடுத்தாங்க. ஒரு ஏரியைத் தூர்வாரினா காற்றில் கார்பன் குறைஞ்சிடாது. ஆனா ஏற்கெனவே ஏறிப்போன சூட்டோட விளைவைத் தாங்கிக்கிற சக்தி ஊருக்கு வரும். நல்லா இருக்கிற சதுப்பு நிலம், தன் சேற்றுக்குள் கார்பனைப் பூட்டி வைக்கிற வேலையையும் சேர்த்தே செய்யும்.

கடினமான கேள்வி இனிமேல்தான் இருக்கு. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணை ராம்சார் எல்லைக்குள்ளேயும் அதைச் சுற்றி 1 கி.மீ. வரைக்கும், அறிவியல் ஆய்வு முடியும்வரை புதுக் கட்டுமானங்களுக்கு அனுமதி தரக் கூடாதுன்னு சி.எம்.டி.ஏ-வுக்கு உத்தரவு போட்டது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வரவேற்றாங்க. ஆனா அந்த 1 கி.மீ-க்குள் பெரிய பில்டர்கள் மட்டும் இல்லை. 20 வருஷச் சேமிப்பில் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டவங்களும், லோன் போட்டு பிளான் அப்ரூவலுக்குக் காத்திருக்கிறவங்களும் இருக்காங்க. அவங்க வாங்கும்போது அது சதுப்பு நிலத்தோட ஓரம்னு பத்திரத்தில் எழுதலை.

என் கருத்தைக் கேட்டா, எல்லைக்கல் நடாத வரைக்கும் நஷ்டம் எப்பவும் சின்ன ஆளுக்குத்தான். சதுப்பு நிலம் எதுவரைக்கும்னு சர்வே நம்பரோட மேப் போட்டு, ஆன்லைனில் யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி வெச்சிருந்தா, அந்த கிரவுண்டை அவர் வாங்கியே இருக்க மாட்டார். பெரிய கட்டடத்துக்கும் சின்ன வீட்டுக்கும் ஒரே தடையைப் போடுறதும் நியாயமாப் படலை. ஆனா `தடையே வேண்டாம்'னு சொன்னா, அடுத்த மிக்ஜாமில் அதே சின்ன வீட்டுக்குள்தான் தண்ணி முதல்ல போகும். வீடு வாங்கப் போறவங்க, ஃப்ளாட்டின் மாடுலர் கிச்சனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, 2015-லும் 2023-லும் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணி நின்னுதுன்னு எதிர்வீட்டு அம்மாகிட்டயோ, மூலைக்கடை அண்ணாச்சிகிட்டயோ கேளுங்க. எந்த புரோஷரிலும் இல்லாத தகவல் அங்கே ஃப்ரீயா கிடைக்கும்.

இன்னொரு இடமும் இருக்கு கேள்வி கேட்க. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்னைக்கு, நகர்ப்புறங்களில் முதல் `ஏரியா சபை' கூட்டங்கள் நடந்தபோது, முதல்வர் ஸ்டாலின் வந்து உட்கார்ந்தது நம்ம தாம்பரம் மாநகராட்சியில், பம்மலில். கிராம சபை மாதிரி, வார்டு மக்கள் நேரா கேள்வி கேட்கிற கூட்டம். நம்மில் எத்தனை பேர் போயிருப்போம்? அடுத்த கூட்டம் எப்போன்னு உங்க கவுன்சிலர் ஆபீஸில் கேட்டு வைங்க. போறப்போ மூணு கேள்வியை எழுதி எடுத்துட்டுப் போங்க. கீழ்க்கட்டளை ஏரியில் இருந்து நாராயணபுரம் ஏரிக்குப் போற உபரிக் கால்வாய் ரெவின்யூ ரெக்கார்டில் எத்தனை அடி, இப்போ எத்தனை அடி? நம்ம வார்டில் பிரிச்சுக் கொடுக்கிற குப்பை, லாரியில் ஏறினதும் மறுபடி ஒண்ணாக் கலக்குதா? மெட்ரோ ஸ்டேஷன் திறக்கும்போது அதுவரைக்கும் நடந்து போக பிளாட்ஃபார்ம் இருக்குமா?

முதல் கேள்வியை மட்டும் நவம்பர் வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. அப்போ வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகியிருக்கும். ஆகஸ்ட்லயே கேட்டாதான் பொக்லைன் கால்வாய்க்குள் இறங்க நேரம் இருக்கும்.